ஓரடிக்கு ஒரு நாற்று

மார்ச் 4, செவ்வாய்

மேல் வரிசை வெட்டியாயிற்று. வெட்டிவேர்ப் புல்லை முழங்கால் உயரத்தில் நிறுத்தினால்தான் பக்கத்தில் தூர் கட்டும். விட்டால் ஆள் உயரம் வளர்ந்து நடுவில் காய்ந்துபோகும். இதை மைனாவிடம் பதினோரு வருடமாகச் சொல்கிறேன். அவளும் பதினோரு வருடமாக “தெரியும்மா, தெரியும்மா” என்கிறாள். இன்றும் கடைசிப் பத்தடியை இடுப்பு உயரத்தில் விட்டிருந்தாள். மறுபடி வெட்டச் சொன்னேன்.

“புல்லுக்கு முடி வெட்ட இவ்வளவு பாடாம்மா? கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இப்படி வெட்ட மாட்டாங்க.”

மைனா என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர்தான். வாய் மூடினால் மூச்சு நின்றுவிடும் என்பதுபோலப் பேசுகிறவள். மண்வெட்டி பிடித்தால் மட்டும் வேலை சுத்தம்.

வெட்டிய இலையை வரிசைக்கு மேல்பக்கம் பரப்பினோம். மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

அவர் போய் இரண்டு வருடம் ஒரு மாதம்.

மார்ச் 6, வியாழன்

பத்திரிகையில் சின்னவர். அரைப் பக்கம். என் சரிவில், என் மூன்றாவது வரிசைக்குள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். மேலே கொட்டை எழுத்தில்: “மலைச்சரிவைப் புல்லால் தைத்த மனிதர்.”

என் வீட்டுக்காரரின் தம்பி. இந்த நிலத்தில் ஒரு குழிகூட வெட்டாதவர். வெயில் ஏறினால் வராந்தாவை விட்டு இறங்காதவர்.

முழுவதும் படித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். “மற்றப் புற்கள் நிலத்தைப் போர்த்துகின்றன, வெட்டிவேர் நிலத்துக்குள் சுவர் எழுப்புகிறது.” இது என் வாக்கியம். “வேர் பக்கவாட்டில் அலையாது, இரண்டு ஆள் ஆழத்துக்கு நேராக இறங்கும்; பக்கத்துப் பயிரின் சோற்றில் கை வைக்காது.” இதுவும் என்னுடையது. அந்த அரைப்புள்ளிகூட என்னுடையது! சின்னவர் வாழ்நாளில் அரைப்புள்ளி போட்டதில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் வந்து, “அண்ணி, அண்ணன் ஞாபகமா அந்த நோட்டுங்களை எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார். எட்டு நோட்டில் மேலே இருந்த மூன்றை எடுத்துக்கொடுத்தேன். அவற்றில் அண்ணனின் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அவர் தோண்டுவார், நான் எழுதுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த மண்ணில் இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் வளர்த்தது அந்தச் சரிவும் அந்த எட்டு நோட்டும்தான்.

மார்ச் 7, வெள்ளி

மன்னிக்க மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஓரகத்தி போன் செய்தாள். பத்திரிகை பார்த்தீர்களா என்று கேட்கத்தான். பார்த்தேன் என்றேன்.

“போட்டோல எவ்வளவு நல்லா இருக்கார் பாருங்கக்கா! அந்தச் சட்டை நான் எடுத்துக் கொடுத்தது.”

“சட்டை நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கத்துல இருக்கிற மத்ததெல்லாம் என்னோடது.”

“என்னக்கா, யார் பேர் வந்தா என்ன? நம்ம குடும்பத்துக்குத்தானே பேரு” என்றாள்.

குடும்பமாம். நாற்பத்தெட்டு வருடமாக என்னை வீட்டுக்கு வந்தவள் என்று சொன்ன குடும்பம், இப்போது என் எழுத்தைப் பார்த்ததும் சேர்த்துக்கொள்கிறது. ரிசீவரை வைத்துவிட்டேன். வைத்த வேகத்தில் அதன் மூடி கழன்றுவிட்டது.

மார்ச் 19, புதன்

சின்னவர் எட்டுப் பேரை அழைத்துவந்தார், சரிவைக் காட்ட. கேட்டைப் பூட்டிவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து வேர் சுத்தம் செய்தேன். பீரோவில் துணிக்கு நடுவே வைக்க ஒரு பிடி, தண்ணீர்ப் பானைக்கு ஒரு பிடி. வாசல்பக்கம், “அண்ணி! அண்ணி!” என்று குரல். இருபது நிமிடம். வெயில் நன்றாக அடித்தது. பிறகு மெதுவாகப் போய்த் திறந்து, “காது முன்னைப்போல இல்லை” என்றேன்.

காது நன்றாகத்தான் இருக்கிறது.

இது சில்லறைத்தனம் என்று எனக்கே தெரிகிறது. செய்தால் உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

கிடைத்துவிட்டது. தேடிப் போகவில்லை, வீட்டுக்கே நடந்து வந்தது.

மாலை நான்கு மணிக்குச் சின்னவர் வந்தார். சாலைக்காரர்கள் புதுச்சாலைக்காக மலையை வெட்டிய வளைவு இருக்கிறதே, அந்த வெட்டுச்சரிவு முழுவதற்கும் வெட்டிவேர் நட அவரைக் கேட்டிருக்கிறார்கள். முந்நூறு அடி நீளம், பன்னிரண்டு வரிசை. மேற்பார்வை அவர். பலகையில் பெயரும் வருமாம்.

“நாற்று மட்டும் நீங்க குடுத்தாப் போதும் அண்ணி. அளவெல்லாம் எங்கிட்ட இருக்கு. ஓரடிக்கு ஒரு நாற்று. மொத்தம் மூவாயிரத்து அறுநூறு.”

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

“ஓரடிக்கு ஒண்ணா?”

“ஆமா. நோட்டுல தெளிவாப் போட்டிருக்கே.”

“நல்லது,” என்றேன்.

போட்டிருக்கிறது. நான்தான் போட்டேன். முதல் வருடம் நாற்றுக்குப் பஞ்சம். ஓரடி விட்டு நட்டோம். அந்த வருடமும் அடுத்த வருடமும் பேருக்குத்தான் மழை. எதுவும் அசையவில்லை. அதனால் முதல் மூன்று நோட்டிலும் ஓரடி, ஓரடி, ஓரடி என்று நிச்சயமாக எழுதி வைத்தேன். மூன்றாம் வருடம் மழை வந்தது. தூருக்கும் தூருக்கும் நடுவே இருந்த சந்துகளில் தண்ணீர் பாய்ந்து, சந்து வாய்க்காலாகி, கீழ்ப்பாத்தி முழுவதையும் வழித்துக்கொண்டு போனது. சந்து விட்ட வேலி வேலியே இல்லாததைவிடக் கெடுதல். தண்ணீரை ஒன்றுகூட்டி ஓரிடத்தில் பாய்ச்சும். எல்லாவற்றையும் பிடுங்கி அரைச் சாணுக்கு ஒன்றாக நட்டோம். அது நான்காவது நோட்டில் இருக்கிறது. நான்காவது நோட்டு என் பீரோவில் இருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் பழைய பக்கத்தில் ஒரு கோடு இழுத்து அடித்திருப்பார்கள். கான்வென்டில் படித்தவள் அடிக்க மாட்டாள். எங்கள் சிஸ்டருக்கு ஒரே விதி: எழுதியதை அடிக்கக் கூடாது. தப்பு, தப்பாகவே நிற்கட்டும். திருத்தத்தைத் தேதி போட்டுப் புதுப் பக்கத்தில் எழுது. மீறினால் மணிக்கட்டில் ஸ்கேல் விழும். அறுபது வருடமாக நான் ஒரு வரியை அடித்ததில்லை. அதனால் என் முதல் நோட்டின் தப்பு, அச்சடித்ததுபோல அழகாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் நம்புவார்கள்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஏப்ரல் 3, வியாழன்

நான்காவது நோட்டைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினேன். நன்றாகப் பசித்தது. இரண்டு வருடத்தில் இப்படிப் பசித்ததில்லை.

ஏப்ரல் 16, புதன்

நாற்றுப் பிரிக்க ஆரம்பித்தோம். மைனா தூரைத் தோண்டி எடுத்துப் போட, நான் முக்காலியில் உட்கார்ந்து பிரித்தேன். ஒரு நாற்றில் மூன்று தண்டு. இலை ஒரு சாண், வேர் ஒரு விரல் நீளம். வேரைச் சாணிக்கரைசலில் முக்கி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில். காய்ந்த தண்டு ஒன்றைக்கூட அனுப்பவில்லை.

“உங்களுக்கு அவர்மேல இருக்கிற கோபத்துக்கு, இவ்வளவு நல்ல நாத்தா குடுக்கிறீங்க?” என்றாள் மைனா.

“நாத்துல யாரும் குறை சொல்லக் கூடாது.”

குறை முழுவதும் அவர் தலையில் இருக்க வேண்டும். அதில் எனக்குப் பங்கு வேண்டாம்.

மே 5, திங்கள்

நடவு. குடை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

சின்னவர் வெள்ளைச் சட்டையில் பேசினார். “இருபது வருஷ அனுபவத்துல நான் கண்டுபிடிச்சது என்னன்னா...” கயிற்றில் ஓரடிக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு நாற்று. நட நட நாற்றுகளுக்கு நடுவே வெறும் மண் பல்லிளித்தது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சொல்லிவிடுகிறேனே, இது என் டயரிதானே. என் கழுத்தில் தாலி ஏறிய நாளில்கூட நான் இவ்வளவு அடக்கமாகச் சிரித்ததில்லை.

சாலைப் பொறியாளர் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. நேராக என்னிடம் வந்தாள்.

“அம்மா, இந்தச் சரிவுக்கு இந்த இடைவெளி போதுமா? சார்கூட உங்க தோட்டத்துக்கு வந்தப்ப ரொம்ப நெருக்கமா இருந்த மாதிரி பார்த்தேன்.”

கெட்டிக்காரி. சொல்ல ஒரு நிமிடம் கிடைத்தது. ஒரு முழு நிமிடம்.

“அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா,” என்றேன்.

திரும்பி நடக்கும்போது மைனா கேட்டாள்: “நம்ம வரிசையில அரைச் சாண்தானேம்மா விடுவோம்?”

“அது அவர் வேலை. நமக்கென்ன?”

“இல்லம்மா, அந்த வளைவுக்குக் கீழ மூணாவது வீடு நம்மளுதுதான். போன மாசந்தான் மாறினேன். அதான் கேட்டேன்.”

பதினோரு வருடமாக என் வீட்டு வேலைக்கு வருகிறாள். எங்கே குடியிருக்கிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

“ஒண்ணும் ஆகாது,” என்றேன்.

மே 6, செவ்வாய்

ஒன்றும் ஆகாது. சரிவுக்கும் அந்த வீடுகளுக்கும் நடுவே சாலை இருக்கிறது. சாலை ஓரத்தில் கால்வாய் இருக்கிறது. மண் வந்தால் சாலையில் விழும். பத்திரிகைக்காரன் வருவான். வெள்ளைச் சட்டை சேறாகும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

மே 9, வெள்ளி

மைனாவிடம், வீட்டுப் பின்பக்கம் ஒரு கால்வாய் வெட்டிக்கொள் என்றேன். “எதுக்கும்மா, ஒண்ணும் ஆகாதுன்னீங்களே?” என்றாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மே 12, திங்கள்

சொல்ல மாட்டேன். என் அரைப்புள்ளியைத் திருடியவருக்காக ஏன் சொல்ல வேண்டும்?

மே 19, திங்கள்

பிற்பகல் கோடை மழை. அரை மணி நேரம்தான். குடையோடு வளைவுக்குப் போனேன். கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

பார்த்தேன். ஒவ்வொரு சந்திலும் விரல் ஆழத்துக்குக் கோடு விழுந்திருந்தது, சீப்பால் வாரியதுபோல. சாலை ஓரக் கால்வாயில் செம்மண். பொறியாளர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னவர், முகம் வெளிறி. எனக்காகவே செய்து வைத்த காட்சி. இன்னும் நான்கு எட்டு வைத்திருந்தால் அனுபவித்திருப்பேன்.

அதற்குள் சின்னவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நீல அட்டை. என் முதல் நோட்டு.

“மேடம், நான் சொந்தமா எதுவும் பண்ணலை. இது எங்க அண்ணி எழுதினது. எல்லாம் அவங்க கண்டுபிடிப்புதான். அவங்க அளவைத்தான் நான் வெச்சேன். பாருங்க, ஓரடின்னு அவங்க கைப்பட.”

இரண்டு வருடத்தில் முதல் முறையாக என் பெயரைச் சொல்லிவிட்டார். நல்லதெல்லாம் அவருடையது, ஓட்டை மட்டும் என்னுடையது!

அந்தப் பெண் பக்கத்தை உரக்கப் படித்தாள். “‘ஓரடிக்கு ஒரு நாற்று போதுமானது, நெருக்கி நடுவது வீண்.’ கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு” என்றாள். நான் நிற்பதை அவர்கள் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். ‘வீண்’ என்று நானா எழுதினேன்? நான்தான் எழுதினேன்.

மே 20, செவ்வாய்

எட்டு மணிக்கே ஐந்து நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு வளைவுக்குப் போனேன். பொறியாளர், அவளுடைய ஆட்கள், சின்னவர், நடவுக்கு வந்த பெண்கள், மைனா, எல்லோரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

“அந்த நீல நோட்டை எழுதினது நான். அதுல ஓரடின்னு இருக்கிறது தப்பு. இதோ நாலாவது நோட்டு, முதல் பக்கம். அரைச் சாணுக்கு ஒண்ணு. ஏன்னும் எழுதியிருக்கேன். தம்பி முதல் மூணு நோட்டைத்தான் வாங்கிட்டுப் போனார். மிச்சத்தைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.”

கடைசி வாக்கியம் பொய்.

பொறியாளர் நின்றபடியே மூன்று பக்கம் படித்தாள். “இப்ப என்ன பண்ணலாம்மா? மழைக்கு மூணு வாரந்தான் இருக்கு” என்றாள். நடுவில் இன்னும் ஆறாயிரம் நாற்று சொருக வேண்டும். அவ்வளவுக்கு என் நாற்றுப்பாத்தி முழுவதையும் கீழ் வரிசை இரண்டையும் தோண்ட வேண்டும்.

“தோண்டுங்க,” என்றேன்.

சின்னவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “அண்ணி, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பத்திரிகைக்காரன்கிட்ட.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது போதவில்லை. “மண்டி போடுங்க,” என்றேன். “நிக்கிற இடத்துல இருந்து நாத்து நட முடியாது.”

மே 24, சனி

ஐந்து நாளாகச் சின்னவர் மண்டி போட்டு நடுகிறார். நான் குடைக்கு அடியில். சாய்வாக வைத்ததைப் பிடுங்கச் சொல்கிறேன். நேராக இருந்தால், சுற்றி மண்ணைக் காலால் மிதிக்கவில்லை என்று பிடுங்கச் சொல்கிறேன். சில சமயம் சரியாக வைத்ததையும்.

“அண்ணி, முட்டி தேயுது.”

“எட்டு நோட்டு எழுதினவளுக்கு விரல் தேஞ்சது. யாரும் கேட்கலை.”

நடவுப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஓரகத்தி மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மைனா மட்டும் சிரிக்கவில்லை. தன் வீட்டுக்கு நேர்மேலே இருக்கும் பகுதியில் தனியாக நட்டுக்கொண்டிருக்கிறாள். அரைச் சாண்கூட இல்லை, நான்கு விரல்.

ஜூன் 2, திங்கள்

நடவு முடிந்தது. என் நாற்றுப்பாத்தி மொட்டைத் தலை. கீழ் வரிசை இருந்த இடத்தில் குழிகள். பார்க்கச் சகிக்காமல் ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூன் 11, புதன்

காலை பத்து மணிக்குப் பிடித்தது, மாலைவரை விடவில்லை. நான்காவது நோட்டைத் திறந்து அந்த மூன்றாம் வருட மழையோடு ஒப்பிட்டேன். இது பெரியது.

புது நாற்று வெள்ளை வேர் விட ஒரு மாதமாவது வேண்டும். இவை நட்டு ஒன்பது நாளிலிருந்து மூன்று வாரம்தான்.

ஜூன் 12, வியாழன்

சரிவு நின்றது. ஓர் இடம் தவிர. மைனா நட்டதற்கும் மேலே இரண்டு வரிசை, எட்டடி அகலம், கடைசியில் நட்ட பகுதி. சேறு சாலையைத் தாண்டி, கால்வாயை நிரப்பி, மூன்றாவது வீட்டின் பின்சுவரைச் சாய்த்துவிட்டது. அடுப்படி போயிற்று. அவள் வாசல்பக்கம் இருந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை.

பொறியாளர் போனில் நன்றி சொன்னாள். “நீங்க மட்டும் அன்னைக்கு வந்து சொல்லலைன்னா மொத்த வளைவும் இறங்கியிருக்கும்மா.”

மே 5 அன்று கேட்டாள். மே 20 அன்று சொன்னேன். பதினைந்து நாள். வேர் ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்கும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நோட்டைப் பார்க்கத் தேவையில்லை.

ஜூன் 20, வெள்ளி

எட்டு நாளாக மைனா வரவில்லை. நானே போனேன். மூன்றாவது வீடு. முதல் முறை.

அவள் கூடையில் சேறு அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிர்ந்தாள். உட்காரச் சொல்லவில்லை, உட்கார இடமும் இல்லை.

“மைனா, எனக்கு முன்னாடியே தெரியும்,” என்றேன்.

“எனக்கும் தெரியும்மா, உங்களுக்குத் தெரியும்னு. அன்னைக்கு நடந்து வர்றப்பவே தெரியும். பெரியவங்க சண்டை உங்களுக்குள்ள. மண்ணு என் வீட்டுக்குள்ள.”

அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு தட்டு கிடந்தது, எடுத்துக் கொஞ்சம் சேறு வாரினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் வாரிவிட்டு வந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

நாளையும் போக வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

சுவர் எழும்பியது. கொத்தனார் என்னை, “பாட்டி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க” என்றான். நின்றேன்.

சாலைக்காரர்களுக்கு அடுத்த வளைவுக்கு ஆள் வேண்டுமாம், நடவைப் பார்த்துக்கொள்ள. பொறியாளர் என்னைக் கேட்டாள். உங்களைப்போலவே அன்றைக்கே இடைவெளியைப் பற்றிச் சந்தேகப்பட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லி, மூன்றாவது வீட்டை அடையாளம் காட்டினேன். மைனா போவாளா, தெரியாது. என்னிடம் அவள் எதுவும் சொல்வதில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இரண்டாவது வளைவில் நடவு ஆரம்பம். நாற்று, முதல் வளைவில் தூர் கட்டியதிலிருந்து பிரித்தது. மைனாதான் மேஸ்திரி. தலையில் மஞ்சள் தொப்பி. வரிசையின் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்து, எல்லோரையும் வாயால் விரட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு திரும்ப வந்திருக்கிறது. என்னோடு மட்டும் அளந்துதான்.

ஆள் குறைவு என்று சின்னவரும் வந்திருந்தார், பழைய சட்டையில். நானும் முக்காலி போட்டு அதே வரிசையில் உட்கார்ந்தேன்.

நான் வைத்த ஏழாவது நாற்றை மைனா பிடுங்கினாள்.

“இது ஆழம் பத்தாதும்மா. மறுபடி வைங்க.”

வைத்தேன். சின்னவருடையதில் நான்கைப் பிடுங்கினாள். எண்ணிக்கொண்டேன்.